பொறி படாத இடம்

அரியமங்கலம் தொழிற்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் முதலாளிகள் யாரும் கலைமதியின் தள்ளுவண்டிக்கு நடந்து வந்து இட்லி தின்பதில்லை. ஆளை அனுப்பிப் பொட்டலம் வாங்கிக்கொள்வார்கள். அதனால் சித்திரை வெயில் மண்டையைப் பிளந்த ஒரு முற்பகலில், இட்லி தீர்ந்து அவள் குண்டானைக் கழுவிக்கொண்டிருந்தபோது, ஹாலித் பாய் தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு சாலையைக் கடந்து வருவதைப் பார்த்ததும் கை ஈரத்தைத் துடைக்காமலே எழுந்துவிட்டாள். அவருடைய பட்டறையில்தான் அவள் தம்பி ரஞ்சித் வெல்டராக இருந்தான்.

“தம்பிக்கு என்ன ஆச்சு பாய்?”

“ஒண்ணும் ஆகலம்மா. வேலையிலதான் இருக்கான். நீங்க பதறாதீங்க.”

புங்கமரத்து நிழலில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குப்பைமேட்டுப் பக்கமிருந்து புகை வாடை வந்துகொண்டிருந்தது. கலைமதி மோரில் உப்புப் போட்டுக் கலக்கிக் கொடுத்தாள். அவர் பாதி டம்ளர் குடித்தார். பிறகு சட்டைக் கையை மடித்து அவள் முன்னால் நீட்டினார். கையெல்லாம் பழைய தழும்புப் புள்ளிகள்.

“இதப் பாருங்க. வெல்டிங் பொறி விழுந்தா இப்படித்தான் இருக்கும். இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு, கண்டபடிக்குச் சிதறிக் கெடக்கும். இந்தத் தொழில்ல எல்லார் கையும் இப்படித்தான். அதனால யாரும் யாரு கையையும் பாக்கறதில்ல.”

“சரிங்க பாய்.”

“ஒங்க தம்பி இந்த வெயில்லயும் முழுக்கைச் சட்டைதான் போடறான். சாப்பிடறப்பக்கூட மடிக்க மாட்டான். நேத்து கை கழுவறப்ப சட்டை ஏறிக்கிச்சு, பாத்தேன். முழங்கைக்கு மேல, உள்பக்கமா. வரிசையா இருக்கு தங்கச்சி. பொறி அந்த எடத்துக்குப் போகாது.”

கலைமதிக்கு விளங்கவில்லை. “யாரும் சுட்டுட்டாங்களா? பட்டறையில எவன் கூடயாவது சண்டையா?”

“யாருமில்ல. அவனாத்தான்.” அதைச் சொல்லிவிட்டு அவர் சாலையைப் பார்த்தார். “தனியாக் கூப்பிட்டுக் கேட்டேன். தலையக் குனிஞ்சுக்கிட்டான். வேலைய விட்டு நிறுத்திருவீங்களான்னு மட்டும் கேட்டான். நிறுத்த மாட்டேன்டான்னு சொன்னேன். அதுக்கு மேல என்ன கேக்கறதுன்னு எனக்குத் தெரியல. கூடப் பொறந்தவங்க நீங்க கேளுங்க.”

டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவர் போனார். கலைமதி கழுவிய குண்டானையே மறுபடி எடுத்துக் கழுவினாள்.

அவர்கள் இருந்தது பால்பண்ணைக்குப் பின்னால் ஒரு லைன் வீட்டில். முன்னால் ஒரு அறை, பின்னால் சமையலறை, பொதுவில் குளியலறை. கலைமதியின் புருஷன் லாரியில் நெல்லூர்வரை போகிறவன். வந்தால் ஒரு நாள் தூங்கிவிட்டுத் திரும்பவும் ஏறிவிடுவான். ரஞ்சித் ஐ.டி.ஐ. முடித்த கையோடு அக்காள் வீட்டுக்கு வந்துவிட்டவன். பேச்சு குறைவு. சம்பளம் வாங்கினால் அக்காளுக்கு ஒரு கிலோ முறுக்கு வாங்கி வருவான். தை மாதத்தில் பச்சைமலை அடிவாரத்தில், மரவள்ளிக் கொல்லையிலேயே அவர்களுடைய அப்பா வெள்ளைச்சாமி விழுந்துவிட்டார். வலது பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று. வைத்தியத்துக்கென்று அம்மா பவுனம்மாள் அவரை அழைத்துக்கொண்டு வந்தாள். வந்தவர்கள் தங்கிவிட்டார்கள்.

ஆகிருதியான மனிதர் வெள்ளைச்சாமி, இடதுகைப் பழக்கக்காரர். அம்மாவால் தூக்க முடியாது. கலைமதி விடிவதற்குள் மாவும் சட்னியுமாக வண்டியைத் தள்ளிக்கொண்டு போயாக வேண்டும். அதனால் காலையில் அவரைத் தூக்கி, வெளிக்குப் போக வைத்து, கழுவி, குளிப்பாட்டி, துடைத்து, வேட்டி மாற்றிவிடுவது ரஞ்சித்தின் வேலை ஆனது. அவ்வளவு பொறுமையாகச் செய்வான். மற்ற போர்ஷன்காரர்கள் நின்று பார்த்துவிட்டு, “பெத்தா இப்படி ஒரு புள்ளையப் பெக்கணும்” என்று பவுனம்மாளிடம் சொல்லிவிட்டுப் போவார்கள்.

அன்று சாயங்காலம் ரஞ்சித் வேலை முடிந்து வந்ததும் கலைமதி அவனைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். “சட்டையக் கழட்டு.”

“எதுக்கு?”

“கழட்டுடா.”

கழற்றினான். அவள் பார்த்தாள். பழையவை வெளுத்துப்போயிருந்தன, புதியவை சிவந்திருந்தன. பார்த்த கணத்தில் அவளுக்குள் எது முந்தியது என்று தெரியவில்லை, பளீரென்று அவன் கன்னத்தில் ஒன்று விட்டாள். அவன் நகரவில்லை. அது அவளை இன்னும் கிளறியது. இன்னொன்றும் விட்டாள்.

“பைத்தியமாடா ஒனக்கு? சோத்துக்கு இல்லையா, துணிக்கு இல்லையா? என்ன கொறை ஒனக்கு? எவளாவது ஏமாத்திட்டாளா?”

“இல்லக்கா.”

“அப்பறம் எதுக்குடா?”

“தெரியலக்கா.”

“தெரியாமத்தான் இத்தனை பண்ணுவியா?”

சத்தம் கேட்டு பவுனம்மாள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். மகன் கையைப் பார்த்ததும் வாயில் துணியை வைத்துக்கொண்டாள். “செய்வினைதான்” என்றாள். “கொல்லையப் பாத்து வயிறெரிஞ்சவன் எவனோ வச்சுட்டான். மொதல்ல மனுசனப் போட்டான், இப்ப புள்ளையப் போடறான்.”

அடுத்த செவ்வாய்க்கிழமை வண்டிக்கு விடுப்பு விட்டு இருவரும் அவனைச் சமயபுரத்துக்கு அழைத்துப் போனார்கள். கோயில் வாசலில் கற்பூரத்தை ஏற்றி, அதை அடித்துச் சத்தியம் பண்ணு என்றாள் கலைமதி. பண்ணினான். பவுனம்மாள் அவன் இடுப்பில் ஒரு தாயத்தைக் கட்டினாள். வீட்டிலிருந்த கத்தி, தீப்பெட்டி எல்லாவற்றையும் கலைமதி அரிசி டின்னுக்குள் போட்டுப் பூட்டினாள். காலையிலும் ராத்திரியிலும் அவன் கையைத் தூக்கிப் பார்த்தாள், கடையில் தராசைப் பார்க்கிற மாதிரி. புதிதாக ஒன்றுமில்லை. வைகாசி பிறந்தபோது, தீர்ந்தது சனியன் என்று நினைத்துக்கொண்டாள்.

அவன் கையை விட்டுவிட்டுத் தொடைக்குப் போயிருந்தான்.

அது தெரிந்தது அவன் பட்டறையில் ஜுரத்தோடு சுருண்டு விழுந்த அன்றைக்கு. ஹாலித் பாய் ஆட்டோவில் போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போய்விட்டு அவளுக்குப் போன் பண்ணினார். புண் சீழ் பிடித்திருந்தது. சத்தியத்தை மீறிவிட்டது அக்காளுக்குத் தெரியக்கூடாது என்று அவன் மருந்துகூடப் போடாமல் மறைத்திருக்கிறான். நாலைந்து நாள் படுக்கையில் இருந்தான். கட்டுப் போட்ட டாக்டர் கலைமதியைத் தனியே அழைத்து, புண்ணை நாங்கள் ஆற்றிவிடுவோம், மற்றதற்கு ஸ்ரீரங்கத்தில் மனநல ஆலோசனை தருகிற ஓர் இடம் இருக்கிறது, வியாழக்கிழமைதோறும் பார்ப்பார்கள், கட்டாயம் அழைத்துப் போங்கள் என்றார்.

போனார்கள். மாடிப்படி ஏறினால் ஒரு கூடம், நாலு நாற்காலி, உள்ளே ஒரு சின்ன அறை. பிரான்சி என்ற பெண் இருந்தாள். கலைமதியைவிட வயது குறைவாகத்தான் இருக்கும். கண்ணுக்குக் கீழே கருவளையம். ரஞ்சித்தோடு முதலில் பேசினாள். கதவு மூடியிருந்த அவ்வளவு நேரமும் கலைமதி நாற்காலி நுனியில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. பிறகு பிரான்சி கலைமதியை உள்ளே அழைத்தாள்.

“அவரு என்கிட்டச் சொன்னத அவருதான் உங்ககிட்டச் சொல்லணும்க்கா. நான் சொல்ல மாட்டேன். நீங்க என்ன கேக்கணுமோ கேளுங்க.”

“எப்ப நிக்கும்?”

“தெரியாது.”

“என்ன மேடம் இப்படிச் சொல்றீங்க? எங்க மாரியம்மன் மேல சத்தியம் வாங்குனேன். அதையே மீறிட்டான்.”

“மீறுனதால என்ன ஆச்சு? உங்ககிட்ட மறைச்சாரு. மறைச்சதாலதான் புண்ணு இவ்வளவு தூரம் வந்துச்சு. சத்தியம் வேணாம்க்கா. தினமும் கையத் தூக்கிப் பாக்கறதும் வேணாம்.”

“அப்ப பாத்துக்கிட்டுச் சும்மா இருக்கச் சொல்றீங்களா?”

“இல்ல. காயம் பட்டா மருந்து போடுங்க. திட்டாம, அழுவாம. உங்களுக்கு அழுக வரும், வந்தா வேற எங்கயாச்சும் போய் அழுங்க, இல்ல எனக்குப் போன் பண்ணுங்க. அவரு பேசுனா கேளுங்க. பேசலன்னா பக்கத்துல இருங்க.” பிரான்சியின் போன் அடித்தது. அதை எடுத்துப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தாள். “இன்னொண்ணு. சாகணும்னு நெனப்பு வருதான்னு நேராக் கேளுங்க. ஜாடைமாடையா வேணாம்.”

கலைமதி காதைப் பொத்திக்கொள்ளாத குறை. “அத வாயால கேக்கறதா? கேட்டா அந்த எண்ணம் வந்துராதா?”

“கேக்கறதால வராதுக்கா. ஏற்கனவே இருந்துச்சுன்னா, கேக்க ஒரு ஆளு இருக்குன்னு தெரியும். ஆமான்னு சொன்னா அவரத் தனியா விடாதீங்க, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. என்னையும் கூப்பிடுங்க.”

திரும்பி வரும்போது பஸ் ஏறாமல் அம்மா மண்டபம் பக்கம் நடந்தார்கள். மேட்டூரில் திறந்துவிட்ட தண்ணீர் இன்னும் வந்து சேரவில்லை. மணல் வெள்ளையாகக் கிடந்தது. நடுவில் ஒரு கோடு மாதிரி தண்ணீர் ஓடிற்று. படித்துறையில் திவசம் கொடுக்க வந்தவர்கள் எழுந்து போய்விட்டிருந்தார்கள். நாய் ஒன்று பிண்டச் சோற்றை மோந்துகொண்டிருந்தது. கலைமதி இரண்டு இளநீர் வாங்கினாள். அவன் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்தாள்.

“ரஞ்சித்து. செத்துப்போயிரணும்னு இருக்காடா ஒனக்கு?”

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். அத்தனை நாளில் அவன் அவள் முகத்தை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

“இல்லக்கா. இப்ப இல்ல. முன்னாடி ரெண்டு தடவ வந்துச்சு.”

“வந்தப்ப?”

“பட்டறையில மெஷின் சத்தத்துல நின்னுக்கிட்டு இருந்தேன். போயிடுச்சு.”

“திரும்ப வந்தா என்கிட்ட வந்து சொல்லுவியா? சத்தியமெல்லாம் கேக்கல. சொல்லுவியான்னு கேக்கறேன்.”

அவன் இளநீர்க் கூட்டை உருட்டிக்கொண்டே இருந்தான். “சொல்றேன்.” பிறகு அவனாகவே பேச ஆரம்பித்தான். அவள் குறுக்கே போகவில்லை.

“அப்பாவத் தூக்கறப்ப அவரு இடது கையால என் தோளப் புடிச்சுப்பாரு. விழுந்துருவோம்னு பயம் அவருக்கு. அந்தக் கைதான்க்கா. நீ கல்யாணமாகிப் போயிட்ட. ஒனக்கு முழுசாத் தெரியாது. அந்தக் கை வரும்னு தெரிஞ்சாலே எனக்கு ஒண்ணுக்குப் போயிரும், மாட்டுக் கொட்டாய்ல போட்டுக் கயித்தால அவ்வளவு அடி. இப்ப அதே கை நடுங்கிக்கிட்டுப் புடிக்குது. தண்ணி ஊத்துனா அழுவுறாரு. சின்னப் புள்ள மாதிரி.”

“ம்.”

“கோவம் வந்தாப் பரவால்லக்கா. ரெண்டு வார்த்த கத்திட்டுப் போயிரலாம். பாவமா இருக்கு. அவரப் பாத்தா எனக்குப் பாவமா இருக்கு. அப்ப அந்தக் கோவத்த நான் எங்க கொண்டுபோய் வைக்கறது? வேலைக்குப் போனா உள்ள கொதிச்சுக்கிட்டே இருக்கும். இதப் பண்ணுனா கொஞ்ச நேரம் அடங்கும். முன்னெல்லாம் நாள் கணக்கா அடங்கும். இப்ப அடங்கறதே இல்ல, வெக்கமாத்தான் இருக்கு.”

கலைமதிக்கு அழுகை வந்தது. வேறெங்கும் போய் அழ இடமில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆற்றைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அடிப்பார் என்று அவளுக்கும் தெரியும். அவளையும் அடித்திருக்கிறார். எல்லார் வீட்டிலும் போலத்தான் என்று எண்ணிக்கொண்டு பதினெட்டு வயதில் தாலி கட்டிக்கொண்டு பஸ் ஏறியவள் அவள்.

“நாளையிலேருந்து அப்பாவ நீ தொடாத,” என்றாள். “நான் பாத்துக்கறேன்.”

“வண்டி?”

“கொஞ்சம் லேட்டாப் போடறேன். தின்னறவன் காத்திருந்து தின்னட்டும்.”

மறுநாள் காலை அவளே அப்பாவைத் தூக்கினாள். கட்டிலிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிக்கு, அங்கிருந்து குளியலறைக்கு. முதுகு ஒடிந்துவிடும் போலிருந்தது. வெதுவெதுவென்று தண்ணீர் விளாவி அவர் தோளில் ஊற்றினாள். அவருடைய இடது கை துழாவி வந்து அவள் தோளைப் பற்றியது. கனமான கை. விரல் மூட்டெல்லாம் காய்ப்பு. “ஆ... ஆ...” என்றார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. சோப்புப் போட்டுக்கொண்டிருந்தவள் தன் விரல்கள் அவர் புஜத்தில் அழுந்துவதைக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் பார்த்தாள். எடுத்தபோது நாலு நகமும் பதிந்து சிவந்திருந்தது. அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பயந்துபோயிருந்தார்.

கலைமதி கையை உதறிக்கொண்டு வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்றாள். ஒரு நாள். ஒரே ஒரு நாளைக்கே இப்படி. தை மாதத்திலிருந்து தினமும் அவன் ஒரு கீறல் விழாமல் இந்த மனிதரைக் குளிப்பாட்டியிருக்கிறான்.

உள்ளே போய் மிச்சத் தண்ணீரை ஊற்றித் துடைத்துவிட்டாள். அவரைக் கட்டிலில் சேர்த்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். ஊரிலிருந்து வந்த மரவள்ளிக் கிழங்கைப் பவுனம்மாள் தோலுரித்துக்கொண்டிருந்தாள். வேகவைத்துத் தாளித்தால் ரஞ்சித்துக்குப் பிடிக்கும்.

“அம்மா. தம்பிய அப்பா அடிச்சதெல்லாம் ஒனக்கு ஞாபகம் இருக்கா?”

“எந்த அப்பன்தான் புள்ளைய அடிக்கல?”

“அந்த மாதிரி அடியச் சொல்லலம்மா.”

“மாட்ட ஒழுங்காப் பாத்தான்னா ஏன் அடிக்கறாரு? அடுத்தவன் சோளத்துல விட்டுட்டு வாயப் பாத்துக்கிட்டு நிப்பான். ஊர்ப் பயலுவகிட்டப் பேச்சு வாங்கிட்டு வர்றவருக்குக் கோவம் வராதா?”

“கொட்டாய்ல போட்டு மாட்டுக் கயித்தால அடிச்சாரே.”

பவுனம்மாளின் கத்தி நின்றது. மறுபடி நகர்ந்தது. “படுத்துக் கெடக்கற மனுசனப் போயி இப்ப பழி சொல்ற. வாயில்லாத சீவனா ஆயிட்டாரு.”

“பழி சொல்லல. அவருக்குச் சோறு போட வேணாங்கல, மருந்து வேணாங்கல. தம்பி கையி அவரு மேல படவேணாம். அவரு கையி தம்பி மேல படவேணாம். அவ்வளவுதான் நான் கேக்கறது.”

“ஊரு என்ன சொல்லும்? பெத்த அப்பன மவன் தொட மாட்டேன்னுட்டான்னு.”

“ஊரு வந்து அவனுக்குக் கட்டுப் போடுமா?”

பவுனம்மாள் கிழங்கை வெட்டித் தண்ணீரில் போட்டாள். அன்றைக்கு அவள் தாளித்ததில் உப்பே இல்லை. யாரும் ஒன்றும் சொல்லாமல் தின்றார்கள்.

அதன் பிறகு பவுனம்மாள் மகனிடம் பேசுவது குறைந்தது. அவன் சாப்பிடுவதை மட்டும் தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். ஆடிக் காற்று கிளம்பி, தகரக் கூரையெல்லாம் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கலைமதி உளுந்து களைந்துகொண்டிருந்தபோது வந்து பக்கத்தில் குந்தினாள்.

“எங்கண்ணன் மவனுக்குப் போன் பண்ணிட்டேன். தூக்கிவிட அவன் ஒத்தாசைக்கு வர்றேன்னான். நான் ஒங்கப்பாவ ஊருக்கே கூட்டிட்டுப் போறேன்.”

“இங்க இருந்தா டாக்டர் பக்கத்துல இருக்காரேம்மா. நான்தான் பாத்துக்கறேனே.”

“நீ எத்தனை நாளைக்குப் பாப்ப? ஒன் முதுகு போயிரும். அதுமில்லாம...” பவுனம்மாள் உளுந்துத் தண்ணீரைக் கையால் அளைந்தாள். “ஒரே ரூம்புல அவன் அந்தப் பக்கம், இவரு இந்தப் பக்கம். அவரு இருமுனா இவன் எந்திரிச்சு உக்காந்துக்கறான். நான் பாக்கறேன்ல.”

ஹாலித் பாய் பட்டறை வேனைக் கொடுத்தார். பின்னால் மெத்தை விரித்தார்கள். வெள்ளைச்சாமியை நாற்காலியோடு வெளியே கொண்டுவந்ததும், பழக்க தோஷத்தில் ரஞ்சித் முன்னால் வந்து குனிந்தான்.

“நீ வேணாம் தம்பி,” என்றாள் பவுனம்மாள். “நீ தள்ளி நில்லு.”

ஹாலித் பாயும் டிரைவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். கலைமதி காலைத் தூக்கிக்கொண்டாள். வெள்ளைச்சாமியின் இடது கை மகன் இருந்த பக்கம் நீண்டது. ரஞ்சித் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். யாரோ ஒரு போர்ஷன்காரம்மா, “என்னப்பா, புடிக்கலாமில்ல?” என்று கேட்டாள். அவன் நகரவில்லை. அவன் நகராமலிருக்க எவ்வளவு பாடுபட்டான் என்பது கலைமதிக்கு அவன் கழுத்து நரம்பில் தெரிந்தது.

பவுனம்மாள் ஏறி உட்கார்ந்த பிறகு அவனைப் பக்கத்தில் அழைத்தாள். டிரைவர் வண்டியைக் கிளப்பியிருந்தான். அந்தச் சத்தத்தில் மற்றவர்களுக்குக் கேட்டிருக்காது. பக்கத்தில் நின்ற கலைமதிக்குக் கேட்டது.

“அன்னிக்குக் கொட்டாய்ல... நான் வெளியிலதான்டா நின்னேன். படலத் தொறந்திருக்கலாம். தொறக்கல.”

“தெரியும்மா,” என்றான் ரஞ்சித். “படலுக்குக் கீழ ஒன் காலு தெரிஞ்சுது.”

பவுனம்மாள் அவன் கையைப் பிடித்தாள். தழும்பிருந்த இடத்தை அவள் தடவவில்லை, பார்க்கவும் இல்லை. மணிக்கட்டை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். வேன் நகர்ந்ததும் விட்டாள்.

அதோடு எல்லாம் முடிந்துவிடும் என்று கலைமதி நம்பினாள். அப்பா இல்லாத வீட்டில் ரஞ்சித் வாய்விட்டுப் பேசினான், ஒருநாள் சிரிக்கவும் செய்தான். வியாழக்கிழமைகளில் இருவரும் ஸ்ரீரங்கம் போய் வந்தார்கள். ஆற்றில் தண்ணீர் கரை தொட்டு ஓடிற்று.

ஆவணியில் ஒரு நாள், விடியற்காலை பெய்த மழையில் தொழிற்பேட்டைச் சாலை சேறாகிக் கிடந்தது. காலைக் கூட்டம் குறைந்து, இரண்டாவது ஈடு இட்லி வெந்துகொண்டிருந்த நேரத்தில் ரஞ்சித் பட்டறையிலிருந்து வந்தான். வண்டிக்குப் பின்பக்கமாக வந்து நின்றான்.

“அக்கா. திரும்பப் பண்ணிட்டேன்.”

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். சமயபுரம், ஸ்ரீரங்கம், அம்மா போனது, முதுகு ஒடிய அவள் தூக்கியது எல்லாம் ஒரே வீச்சில் தண்ணீரில் போய்விட்டது மாதிரி இருந்தது. உள்ளங்கை அரித்தது. அடுப்பை அணைத்தாள். லோடு ஏற்றுகிற ஆட்கள் இருவர் வந்து நின்று, “நாலு இட்லி வையிக்கா” என்றார்கள்.

“இல்லண்ணே. கொஞ்சம் கழிச்சு வாங்க.”

“வெந்துக்கிட்டிருக்கே?”

“கொஞ்சம் கழிச்சு வாங்க.”

அவர்கள் போனதும் அவனை ஸ்டூலில் உட்காரவைத்தாள். சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு, வண்டித் தட்டுக்கு அடியிலிருந்து மருந்தும் துணியும் எடுத்தாள். அவனே சட்டையை ஒதுக்கிக் காட்டினான். ஆழமில்லை. அவள் துடைத்தாள். நிறுத்திவிட்டுத் திரும்பத் துடைத்தாள்.

“எப்ப?”

“நேத்து சாயங்காலம். அம்மா போன் பண்ணுச்சு. அப்பா என்னையத் தேடுறாராம். தண்ணி ஊத்தறப்பல்லாம் வாசலப் பாத்து அழுவுறாராம்.”

நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாய்வரை வந்தது. அதை விழுங்கினாள். “சாகணும்னு இருந்துச்சா?”

“இல்லக்கா. அது இல்ல.”

“சரி.”

கட்டுப் போட்டு முடிச்சிட்டாள். பட்டறைப் பக்கமிருந்து கிரைண்டர் சத்தம் கிளம்பி அடங்கியது. ரஞ்சித் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான். “ஒனக்குச் சலிச்சுப்போகாதாக்கா?”

“போகும்டா. இப்பவே சலிப்பாத்தான் இருக்கு. சலிச்சுக்கிட்டே மருந்து போடுவேன், என்ன இப்ப.”

அவள் இட்லித் தட்டைத் தூக்கி ஆவி போகவிட்டு, நாலு இட்லியை அவனுக்கு எடுத்து வைத்தாள். கெட்டிச் சட்னி மேலே. அவன் வாங்கி மடியில் வைத்துக்கொண்டான்.

“வியாழக்கெழம அந்த மேடத்துக்கிட்ட இதையும் சொல்லணுமா?”

“அது ஒன் இஷ்டம்.”

“சொல்லத்தான் போறேன். நீ வெளிய உக்காந்திருப்பல்ல?”

“உக்காந்திருப்பேன்.”

அவன் ஒரு விள்ளல் பிய்த்து வாயில் போட்டான். லோடு ஆட்கள் இருவரும் சாலையின் அந்தப் பக்கத்திலேயே நின்று இங்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிற்கட்டும் என்று விட்டுவிட்டாள் கலைமதி. தம்பி தின்று முடித்துக் கை கழுவும்வரை அவள் அடுப்பைப் பற்றவைக்கவில்லை.